வைசூரி ஒழிந்த விதம்

தாத்தா, பாட்டியின் கையில் அம்மை குத்திய தழும்பைப் பார்த்திருப்பீர்கள். கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன வைசூரி இன்று உலகில் எங்குமே இல்லை. எப்படி ஒழிந்தது?

1967-இல் உலகச் சுகாதார நிறுவனம் தீவிர இயக்கம் தொடங்கியது. ஊருக்கெல்லாம் அம்மை குத்தியும் நோய் நிற்கவில்லை. ஆகவே இந்தியாவில் ஊழியர்கள், அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி வீடு வீடாக விசாரித்தார்கள். நோய் கண்ட வீட்டைத் தெரிவித்தவருக்குப் பரிசுப் பணமும் உண்டு. நோயாளியைத் தனியே வைத்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் உடனே அம்மை குத்தினார்கள். பரவ வழியின்றி நோய் அடங்கியது.

1975-இல் இந்தியாவில் அது நின்றது. இயற்கையாக நோய் கண்ட கடைசி மனிதர் 1977-இல் சோமாலியாவில் இருந்தார். 1980-இல் வைசூரி ஒழிந்ததென்று அறிவித்தார்கள்.

மருந்தோடு, மக்கள் மறைக்காமல் சொன்னதும் சேர்ந்தே இதைச் சாதித்தது. லயத்தில் ஒரே சமயத்தில் பலருக்குக் காய்ச்சல் கண்டால், அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள்.