ஒரே பாறை... இருபது வருஷம்!

ஞாயிறு சாயங்காலம் கடற்கரைக்குப் போகிறீர்கள். செல்போனை எடுத்து 'க்ளிக்... க்ளிக்...' என்று நூற்றைம்பது படம் தட்டுகிறீர்கள். புதன்கிழமை ஆபீஸில் இருக்கும்போது 'இடம் போதவில்லை' என்று போன் அழுகிறது. நூற்றைம்பதும் அவுட்! அதில் ஒன்றையாவது ரெண்டாம் தடவை பார்த்தீர்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்று ஒருத்தர் இருந்தார். ஒரே ஒரு கடலோரப் பாறை முனையை, கறுப்பு வெள்ளையில், கிட்டத்தட்ட இருபது வருஷம் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். "வேற வேலையே இல்லையா அவருக்கு?" என்றுதானே கேட்கிறீர்கள்? இருந்தது. அதுதான் பிரச்னையே!

சுருக்கத்தை எடுத்துடுங்க ஸார்!

வெஸ்டன் பிறந்தது 1886-ல், இல்லினாய் மாநிலத்தில். பதினாறு வயசில் அப்பா ஒரு கோடாக் கேமரா வாங்கித் தந்தார். பையன் அதோடு தொலைந்தான்! 1911-ல் கலிஃபோர்னியாவில் சொந்த ஸ்டுடியோ. வருகிறவர்களின் முகச் சுருக்கத்தை எல்லாம் நெகட்டிவிலேயே தேய்த்துச் சரிபண்ணி, பத்து வயசு குறைத்துத் தர வேண்டும். இன்றைய 'பியூட்டி ஃபில்டரு'க்கு இதுதான் தாத்தா. வீட்டில் நாலு பையன்கள். ஸ்டுடியோ சோறு போட்டது, மனசு ஒட்டவில்லை.

1929-ல் கார்மெல் என்ற சின்னக் கடலோர ஊருக்குக் குடிவந்தார். அங்கேயும் பிழைப்புக்கு முகங்கள்தான். ஆனால் பிற்பாடு தைரியமாக ஒரு போர்டு மாட்டிவிட்டார்... 'இங்கே ரீடச் கிடையாது!' சுருக்கம் இருந்தால் இருக்கும் ஸார், இஷ்டமிருந்தால் உட்காருங்கள்!

கடல் ஓநாய் முனை

கார்மெலுக்குத் தெற்கே சுமார் மூணு மைலில் இருக்கிறது பாயின்ட் லோபோஸ். ஸ்பானிஷ்காரர்கள் வைத்த பேர். 'கடல் ஓநாய்களின் முனை' என்று அர்த்தம். நிஜ ஓநாய் இல்லை. பாறை மேல் படுத்துக்கொண்டு ஊரைக் கூட்டும் கடல் சிங்கங்கள்! கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறைகள், காற்று முறுக்கிப் பிழிந்த சைப்ரஸ் மரங்கள், கீழே இடைவிடாமல் மோதும் பசிஃபிக் அலைகள்.

அங்கே வெஸ்டன் தூக்கிக்கொண்டு போன கேமராவைப் பார்த்தால் உங்களுக்குத் தோள் வலிக்கும். அதில் போடும் ஃபிலிம் மட்டுமே எட்டுக்குப் பத்து இன்ச். ஸ்டாண்டை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், கண்ணாடியில் பாறை தலைகீழாகத் தெரியும். ஒரு படத்துக்கு ஒரு ஃபிலிம். தப்பினால் காசு போச்சு. அதனால் க்ளிக் பண்ணுவதற்கு முன்னாலேயே முழுப் படத்தையும் மனசுக்குள் பார்த்துவிடுவார். பிரின்ட்டும் அதே சைஸ்தான். பெரிசுபண்ணும் வேலையே கிடையாது.

1932-ல் வெஸ்டன், ஆன்ஸல் ஆடம்ஸ் போன்ற சிலர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். பேர், 'எஃப் 64'. லென்ஸின் துவாரத்தை ரொம்பச் சின்னதாகச் சுருக்கும் எண் அது. அப்படிச் சுருக்கினால் காலடிக் கூழாங்கல்லிலிருந்து தூரத்துப் பாறை வரை எல்லாமே பளிச்! ஆனால் வெளிச்சம் குறைச்சலாகத்தான் உள்ளே வரும். லென்ஸ் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். பாறை அசையாது. அலை நிற்குமா? அது படத்தில் பனிப்புகை மாதிரி பதியும்.

கலர் எங்கே ஸார்?

கலரில் கடலைப் பார்த்தவுடன் 'அடடா, நீலம்!' என்கிறோம். அதோடு பார்வை முடிந்துபோகிறது. கலரை எடுத்துவிட்டால் கண்ணுக்கு வேறு வேலை வருகிறது. சாய்வெயில் பாறையின் ஒவ்வொரு விரிசலிலும் நிழலை ஊற்றும். ஈரப் பாறை கன்னங்கரேல், நுரை வெள்ளை, நடுவே எத்தனையோ சாம்பல். பாறையின் வயசு தெரியும். ஸ்டுடியோவில் அழிக்கச் சொன்னார்களே சுருக்கம்... அதே சுருக்கம்தான், இங்கே அழகு!

அதற்காகக் கலரை அவர் வெறுத்தார் என்று இல்லை. 1940-களில் கோடாக் கம்பெனி கலர் ஃபிலிம் கொடுத்து இதே பாறைகளை எடுக்கச் சொன்னபோது எடுத்தும் கொடுத்தார். ரெண்டும் வேறு வேறு என்பது அவர் கட்சி.

நடுங்கிய கை

1937-ல் கௌரவமான குகன்ஹைம் நிதி உதவி கிடைத்தது. புகைப்படக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 1946-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் பெரிய கண்காட்சி. பேரும் புகழும் வந்த அதே நேரம், கூடவே பார்க்கின்ஸன் வியாதியும் வந்துவிட்டது. கை நடுங்கியது. நடை தளர்ந்தது.

1948-ல் கடைசியாக ஒரு படம் எடுத்தார். எங்கே? பாயின்ட் லோபோஸில்தான்! பிரம்மாண்டமான பாறை முகடு கிடையாது, சீறும் அலை கிடையாது. அரித்துப்போன பாறை, சிதறிக் கிடக்கும் கற்கள்... அவ்வளவுதான். அதற்கப்புறம் கேமராவைத் தொடவில்லை. பின்னாளில் மகன் பிரெட் இருட்டறையில் நின்று, 800-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைப் பிரின்ட் போட்டார். அப்பா பார்த்துப் பார்த்து 'சரி' சொன்னார்.

1958 ஜனவரி 1-ம் தேதி வெஸ்டன் காலமானார். பேங்க்கில் இருந்தது 300 டாலர். சாம்பலைப் பிள்ளைகள் பாயின்ட் லோபோஸ் கடலில்தான் கரைத்தார்கள். அந்தக் கரைக்கு இப்போது 'வெஸ்டன் பீச்' என்று பேர். 1925-ல் அவர் எடுத்த ஒரு படம், 2008 ஏலத்தில் பதினாறு லட்சம் டாலருக்குப் போனது. அதைப் பார்க்க அவர் இல்லை. பார்த்திருந்தாலும், கேமராவைத் தூக்கிக்கொண்டு அதே பாறைக்குத்தான் போயிருப்பார்!

வரும் ஞாயிறு நீங்களும் ஒன்று பண்ணுங்கள். போனில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். வெயில் சாயட்டும். ஒரே இடம், பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். பிறகு ஒரே ஒரு படம். அடுத்த ஞாயிறும் அதே இடம்.

"போன வாரம் எடுத்த அதே கல்தானே?" என்று வீட்டில் கேட்பார்கள். "இல்லையே, இது இந்த வாரத்துக் கல்" என்று சொல்லுங்கள். அடி விழுந்தால் நாம் பொறுப்பல்ல!