1942 ஏப்ரல் 9: துறைமுகம் அதிர்ந்த காலை

உங்கள் முன் அமைதியாகக் கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு இரண்டாம் உலகப் போரின் களங்களில் ஒன்று. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படை பெரிதும் நம்பியிருந்த தளங்களில் ஒன்றானது திருகோணமலை.

ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் 9ஆம் திகதி காலை இங்கு வந்தன. துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டுகள் விழுந்தன. தீப்பற்றிய ‘சகாயிங்’ கப்பல் கைவிடப்பட்டது. நீரில் கிடந்த அதன் உடலை இலங்கைக் கடற்படை 2018இல் மிதக்கவைத்தது.

தாக்குதலுக்குத் தப்ப முந்திய இரவே வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’ பிழைக்கவில்லை. தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. 307 பேர் மாண்டனர். கப்பல் இன்றும் கடலடியில் கிடக்கிறது.

இரண்டே மாதத்தில் போரின் திசை மாறியது. இலங்கையைத் தாக்க வந்த 5 விமானந்தாங்கிகளில் அகாகி, சொர்யு, ஹிர்யு ஆகிய 3 கப்பல்கள் ஜூனில் மிட்வே சமரில் அழிந்தன. 1944 ஏப்ரலில் நேசநாட்டுக் கப்பற்படை இதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, சுமாத்திராவுக்கு வடக்கே ஜப்பானியர் வசமிருந்த சபாங்கைத் தாக்கியது.