பேரன் இல்லாமல் போன 'பேரன்' பட்டம்

எனக்கு ஊர் மேலூர். பகலில் கோடு எழுதுவது, ராத்திரியில் மதுரைச் சீமைப் பழங்கதைகளைத் தோண்டுவது. கான்சாகிபு (மருதநாயகம்) பற்றிப் படிக்கும்போது ஒரு பெயர் குறுக்கே வரும்: ஜார்ஜ் பிகட். 1755 முதல் 1763 வரை சென்னை கவர்னர். மதுரை நிர்வாகம் 1759-ல் கான்சாகிபு கைக்கு வந்தது இவர் காலத்தில்தான்.

ஊர் திரும்பிய பிகட்டுக்கு இரண்டு பட்டங்கள் கிடைத்தன. 1764-ல் 'பேரனெட்'. 1766-ல் அயர்லாந்துப் பிரபு வரிசையில் 'பேரன் பிகட்'. (நம்ம பேரப்பிள்ளை இல்லைங்க!) முதலாவது அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. இரண்டாவது 11 வருஷத்தில் செத்துப்போச்சு. ஒரே ஆள், ஏன் இந்த வித்தியாசம்?

விடை, பட்டம் தரும்போது எழுதும் பத்திரத்தில் இருக்கிறது. யாருக்குப் பிறகு யார் என்று அதிலேயே எழுதிவிடுவார்கள். பேரனெட் பட்டத்தில் தம்பிகளையும் சேர்த்திருந்தார்கள். பேரன் பட்டமோ அவருடைய சொந்த ஆண் வாரிசுக்கு மட்டும். அதுவும் முறைப்படி கல்யாணம் செய்த மனைவிக்குப் பிறந்திருக்க வேண்டும். பிகட்டுக்குப் பிள்ளைகள் உண்டு, கல்யாணம்தான் இல்லை. தத்துப்பிள்ளையும் செல்லாது.

1775-ல் மறுபடி கவர்னராக வந்தார். ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை 1773-ல் பிடித்த தஞ்சாவூரை, லண்டன் உத்தரவுப்படி 1776-ல் துளஜாஜி ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். தஞ்சாவூர் வருமானத்தை நம்பி நவாபுக்குக் கடன் கொடுத்ததாகச் சொன்ன பால் பென்ஃபீல்டு கொதித்தார். கவுன்சிலில் பெரும்பான்மை அவர் பக்கம். 1776 ஆகஸ்ட் 24-ல் கவர்னரையே வழிமறித்துக் கைது செய்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். அவரை விடுவிக்கச் சொன்ன லண்டன் உத்தரவு, அவர் செத்த பிறகுதான் வந்து சேர்ந்தது. பேரனெட் பட்டம் தம்பி ராபர்ட்டுக்குப் போனது. பேரன் பட்டம் அன்றோடு முடிந்தது. கைது செய்த நால்வருக்குக் கிடைத்த தண்டனை? தலைக்கு 1000 பவுண்டு அபராதம், அவ்வளவுதான்.

இதில் என்னை உறுத்துவது வேறு. பிகட் நாட்டைத் திருப்பிக் கொடுத்த அதே துளஜாஜி, பின்னாளில் சரபோஜியைத் தத்தெடுத்தார். நம்ம வழக்கப்படி வம்சம் தொடர்ந்தது. 1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், அரச பட்டமே ஒழிந்தது என்று கம்பெனி அறிவித்தது. அப்போது கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. அவர் 1860-ல் இறந்தார். மகள்கள் மட்டும்தான், மகன் இல்லை. அவருடைய மார்க்விஸ் பட்டமும் அவரோடு போச்சு.