வருமான வரி நோட்டீசு வந்தால் சங்கம் செய்ய வேண்டியது என்ன?

சங்கத்தின் பெயருக்கு வருமான வரித் துறையிலிருந்து ஒரு நோட்டீசு வந்தால், நம்மில் பலர் இரண்டில் ஒரு வகையாக நடந்துகொள்வதைக் காண்கிறோம். "கூட்டுறவுச் சங்கத்துக்கு வரியே கிடையாது, இதற்குப் பதில் எதற்கு?" என்று கூறிக் காகிதத்தைக் கோப்பில் செருகி விடுவோர் ஒரு சாரார். அச்சங்கொண்டு, யாரையும் கலந்துகொள்ளாமல், காரியதரிசியைக் கொண்டே அவசரமாக ஒரு பதில் எழுதியனுப்பச் செய்வோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சங்கத்துக்குக் கேடு பயப்பனவாகும். பதில் எழுதுமுன் விஷயம் அறிந்த ஒருவரை, அதுவும் தவணை கடக்குமுன், நாடுவதே அறிவுடைமை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலக்கோட்டு மாந்தோப்புக்காரரும், பென்னாகரத்துக் கேழ்வரகு விவசாயியும், தறியை நம்பி வாழும் நெசவாளரும் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணமே சங்கத்தின் மூலதனம். ஆகவே, சங்கத்தின்மேல் விழும் வரி வேறு எவருடைய பணத்திலிருந்தும் போவதன்று. அங்கத்தினர்களுடைய ஈவிலிருந்தும் சேமநிதியிலிருந்துமே போகிறது.

"வரி கிடையாது" என்பது பாதி உண்மையே

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80-பி என்னும் பிரிவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு கழிவு அளித்தது. அங்கத்தினர்களுக்குக் கடன் வழங்குதல், குடிசைத் தொழில், அங்கத்தினர்கள் விளைவித்த பொருளை விற்றுக் கொடுத்தல் ஆகியவற்றால் வரும் இலாபம் முழுவதும் இக்கழிவுக்கு உரியது. ஆனால், கழிவு வேறு, விலக்கு வேறு. சங்கம் முதலில் தன் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் கழிவைக் கோர வேண்டும். கேட்டால் தகுதியை மெய்ப்பிக்கவும் வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு சங்கத்தின் ஆண்டு இலாபம் 12 இலட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கழிவு கிடைத்தால் வரி ஒன்றுமில்லை. கழிவு மறுக்கப்பட்டால், சங்கங்களுக்குரிய வழக்கமான விகிதப்படி முதல் 10,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்தும், அடுத்த 10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இருபதும், மீதிக்கு நூற்றுக்கு முப்பதுமாக 3,57,000 ரூபாய் வரியாகும். நூற்றுக்கு நான்கு வீதம் மேல்வரியும் சேர்ந்தால் 3,71,280 ரூபாய். தாமதத்துக்கான வட்டி இதற்கு மேல். ஒரு கேள்விக்குச் சரியான விடை தராமையால் இத்தனையும் போய்விடக்கூடும்.

நீதிமன்றங்கள் கூறியவை

இது வெறும் அச்சுறுத்தலன்று. கர்நாடகத்தைச் சேர்ந்த தோட்கார்ஸ் கூட்டுறவு விற்பனைச் சங்கம், உடனே தேவைப்படாத பணத்தை முதலீடு செய்து வட்டி பெற்றது. அவ்வட்டி சங்கத் தொழிலின் இலாபமன்று, ஆகவே கழிவுக்கு உரியதன்று என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த சிட்டிசன் கூட்டுறவுச் சங்கம், முறைப்படி அங்கத்தினராகாத பொதுமக்களோடு கொடுக்கல் வாங்கல் நடத்தியதாகக் காணப்பட்டமையால், 2017-இல் அதே நீதிமன்றத்தில் தோல்வியுற்றது.

இதற்கு எதிரிடையான செய்தியும் உண்டு. நம் மாநிலத்து அம்மாபேட்டைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கியின் வழக்கில், 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி இணை அங்கத்தினரும் அங்கத்தினரே என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டது. கேரளத்து மாவிலாயி சேவைக் கூட்டுறவு வங்கி, உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வில் 2019-இல் தோற்றும் மனந்தளராது மேலே சென்றது. 2021 ஜனவரி 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கத்தினரல்லாதார்க்குக் கொடுத்த கடனின் இலாபத்தை மட்டுமே பிரித்து வரிக்குட்படுத்தலாம். அதன் பொருட்டு முழுக் கழிவையும் மறுத்தல் தகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அங்கத்தினர் பதிவேடு எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது, வட்டி எந்த வங்கியிலிருந்து வந்தது என்பன போன்ற சிறு விவரங்களே வழக்கின் போக்கை முடிவு செய்கின்றன என்பது இவற்றால் புலனாகும். எந்த விவரம் எந்தத் தீர்ப்புக்குப் பொருந்தும் என்று கூறுவது, அதையே தொழிலாகக் கொண்டவர் வேலையாகும்.

தவணை என்னும் பொறி

2018-19-ஆம் வரிமதிப்பீட்டு ஆண்டு முதல், உரிய நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யாத சங்கத்துக்கு இக்கழிவு இல்லை என்று சட்டம் திருத்தப்பட்டது. தணிக்கைக்கு உட்பட்ட சங்கங்களுக்கு அந்நாள் பொதுவாக அக்டோபர் 31. கூட்டுறவுத் தணிக்கை முடிவதில் காலதாமதம் நேர்ந்து, தம் குற்றமின்றியே பல சங்கங்கள் இதில் அகப்பட்டுக்கொண்டன. இதையறிந்து, நேர் வரிகள் மத்திய வாரியம் 2023 ஜூலை 26-ஆம் நாள் வெளியிட்ட 13-ஆம் எண் சுற்றறிக்கையின் மூலம், 2018-19 முதல் 2022-23 வரையிலான ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுக்களை முடிவு செய்யும் அதிகாரத்தைத் தலைமை ஆணையர்களுக்கு அளித்தது. இவ்வாறு ஒரு வழி திறந்திருப்பதை விஷயமறிந்தோர் உடனே அறிவர். நாம் அறியுமுன் வழி அடைபட்டுப் போதலும் கூடும்.

நோட்டீசின் வகையறிதல்

எல்லா நோட்டீசும் ஒன்றல்ல. 143 (1)-ஆம் பிரிவின்படி வருவது, தாக்கல் செய்த கணக்கைச் சரிபார்த்து அனுப்பும் அறிவிப்பு. 133 (6)-இன்படி வருவது தகவல் கேட்பது. 142 (1)-இன்படி வருவது கணக்கும் விவரமும் கோருவது. 143 (2)-இன்படி வந்தால் முழு ஆய்வு தொடங்கிற்று என்று கொள்க. பதில் அனுப்பாது விட்டால், அதிகாரி தம்மிடமுள்ள விவரங்களைக் கொண்டே 144-ஆம் பிரிவின்படி வரி நிர்ணயம் செய்யலாம். ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம்.

2020 முதல் பெரும்பாலான ஆய்வுகள் அதிகாரியை நேரிற் காணாமலே, துறையின் இணையதளம் வழியாக நடைபெறுகின்றன. அங்கே பதிவாகியுள்ள மின்னஞ்சல், மாறிச்சென்ற பழைய காரியதரிசியுடையதாக இருந்தால், நோட்டீசு வந்ததே சங்கத்துக்குத் தெரியாது. ஆகவே, சங்கத்துக்கென்றே ஒரு முகவரியும் தொலைபேசி எண்ணும் அங்கே பதிவு செய்யப்பட வேண்டும். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்கள் அடையாள எண் தாங்கி வர வேண்டும் என்பது விதி. அவ்வெண்ணை இணையதளத்தில் சரிபார்த்தால் போலிக் கடிதங்களைக் கண்டுகொள்ளலாம்.

யாரை அமர்த்துவது?

சங்கத்தின் சார்பில் வாதாடும் உரிமை சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. பட்டயக் கணக்காளர், வழக்கறிஞர், குறித்த தகுதி பெற்ற வரி ஆலோசகர், சங்கத்தின் நிரந்தர ஊழியர் ஆகியோர் எழுத்து மூலமான அதிகாரம் பெற்று அதைச் செய்யலாம். கூட்டுறவுத் தணிக்கையாளர் கணக்கைத் தணிக்கை செய்பவரேயன்றி, நமக்காக வாதாட அமர்த்தப்பட்டவரல்லர் என்பதையும் மறத்தலாகாது.

அமர்த்துமுன் நிர்வாகக் குழு சிலவற்றை விசாரித்தறிதல் நன்று. அவர் தொழில் பதிவு எண் யாது? கூட்டுறவுச் சங்கங்களின் கழிவு பற்றிய விவகாரங்களை நடத்தியிருக்கிறாரா? கட்டணம் எவ்வளவு, அது பதில் எழுதுவதற்கு மட்டுமா, மேல்முறையீட்டுக்கும் சேர்த்தா? இவற்றை எழுத்தில் பெற்றுத் தீர்மானமாக நிறைவேற்றுக. "அதிகாரியை எனக்குத் தெரியும், சரிக்கட்டி விடலாம்" என்பவரை வாசலோடே அனுப்பிவிடுக. வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர், அனுப்பப்படும் ஒவ்வொரு பதிலையும் படித்து, நகல் பெற்றுக் கோப்பில் வையுங்கள்.

அவரிடம் ஒப்படைக்க வேண்டியவை: நோட்டீசு, துணைவிதிகள், அங்கத்தினர் பதிவேடு, கடன் பேரேடு, தணிக்கை அறிக்கை, வங்கிக் கணக்குகள், முதலீட்டு இரசீதுகள். குறையிருந்தால் அதையும் மறையாமல் கூறுக. மருத்துவரிடம் நோயை மறைப்பதும் இவரிடம் கணக்கை மறைப்பதும் ஒன்றே. நோட்டீசு வந்த பின்னர்ப் பதிவேட்டைத் திருத்தி எழுதுதல் பெருங்குற்றமாகும். தொழில்வல்லார் உண்மையை முறைப்படி எடுத்துரைப்பாரேயன்றி, இல்லாததை உண்டாக்க மாட்டார்; கணக்கின் உண்மைக்குப் பொறுப்பு என்றும் சங்கத்தினுடையதே.

அதிகாரிகள் நேரில் ஆய்வுக்கு வந்தால் அவர்களுடைய ஆணையைக் கேட்டுப் பார்த்து, மரியாதையோடு ஏடுகளைக் காட்டி, ஆலோசகருக்கும் உடனே தகவல் சொல்லுக. அறிந்ததை மட்டும் கூறுக. அறியாததை "ஏட்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதே நேரிய விடை. முடிவு பாதகமாக வந்தால், ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தனி அங்கத்தினர்க்கும் இது பொருந்தும். விவசாய வருமானத்துக்கு வரியில்லை. ஆயினும், சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 இலட்ச ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகச் செலுத்தினால், வங்கி அதைத் துறைக்குத் தெரிவிக்கிறது. கேள்வி வந்தால் சிட்டா, அடங்கல், மண்டி விற்பனைச் சீட்டு ஆகியவையே நம் சாட்சிகள், அவற்றை எறிந்துவிடாதீர்.

1961-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருமாறு 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதில் பிரிவுகளின் எண்கள் மாறியுள்ளன. முந்தைய ஆண்டுகளின் விவகாரங்களோ பழைய சட்டப்படியே தீர்க்கப்படும். இரண்டையும் பிரித்தறிவதற்காகவேனும் வல்லுநர் உதவி இன்றியமையாததாகிறது.

அங்கத்தினர்களே! அடுத்த பொதுக்குழுவில் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். சென்ற ஆண்டின் வருமானக் கணக்கு எந்த நாளில் தாக்கலாயிற்று? விடையளிக்காத நோட்டீசு ஏதேனும் உண்டா? நோட்டீசு வந்தால் சங்கம் யாரைக் கலந்துகொள்ளும்? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்கும் சங்கம் எந்த நோட்டீசையும் அஞ்ச வேண்டுவதில்லை.