அப்பாவின் ஆர்.எக்ஸ். 100-ஐ மீண்டும் ஓட்டணுமா? முதலில் ஆர்.சி.யைப் பாருங்க!

1996-ல் உற்பத்தி நின்றும் யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு மவுசு குறையவில்லை. வீட்டு ஷெட்டில் ஒன்று தூங்குகிறதா? மழைக்கால லீவு நாட்களில் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க.

ஆர்.சி. செல்லுமா?
பைக் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். பிறகு படிவம் 25 கொடுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இன்ஜின், சேஸிஸ் எண்கள் ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால் சிக்கல்தான். பெயின்ட் செலவெல்லாம் அப்புறம்.

டேங்க் எப்படி இருக்கு?
பழைய பெட்ரோலை வடித்துவிடுங்க. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும்; வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்க் துருப்பிடிக்கும். அடைத்துப்போன கார்புரேட்டர் ஜெட்டையும் கழற்றிச் சுத்தம் செய்யணும்.

2டி ஆயில் ஏன் முக்கியம்?
இது 98 சிசி டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் வழுக்கி ஓடுவதே பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலால்தான். ஆயில் பம்ப் வேலை செய்யாமல் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும், போரிங் செலவு வரும். பம்ப் சரியென்று மெக்கானிக் சொல்லும்வரை பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்துக்கோங்க.

ஓடத் தொடங்கியதும் வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட்டுங்க. பழைய வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம்.