பழைய வீடு வாங்கப் போகிறீர்களா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கும் குடும்பத் தலைவிகளுக்கு, கணவர் ரிட்டயராகும் நாள் நெருங்க நெருங்க ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்புறம் எங்கே போவது? ஆசையாய் வளர்த்த முருங்கையையும் மல்லிகைப் பந்தலையும் விட்டுவிட்டு, பிராவிடண்ட் பண்டுப் பணத்துடன் புறப்படும்போது, சுற்று வட்டாரத்தில் விலைக்கு வரும் பழைய வீடுகள் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும்.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். செம்மண் பூமி, முந்திரித் தோப்பு, பலா மரம். நடுவே திண்ணையும் முற்றமுமாக ஓர் ஓட்டு வீடு கண்ணில் பட்டால், "இதுதான் நம் வீடு" என்று மனம் சொல்லிவிடும். மனம் சொன்னதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்!

கணவரைத் திண்ணையில் பேசவிட்டு நீங்கள் உள்ளே போங்கள். உத்திரத்தையும் தூணையும் தட்டிப் பாருங்கள். 'பொத்'தென்று சத்தம் கேட்டால் கரையான் விருந்து சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா? 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலுக்குப் பிறகு ஓடு மாற்றினார்களா? இவையெல்லாம் கொத்தனாரும் தச்சரும் சரி செய்துவிடக் கூடிய குறைகள். அவர்களால் சரி செய்ய முடியாத விஷயங்கள் வேறு.

ஜப்பானில் பழைய வீடு வாங்குகிறவர்கள், "1981 ஜூனுக்கு முன்பு கட்டியதா, பின்பா?" என்று விசாரிப்பார்களாம். பூகம்பத்துக்காகக் கட்டட விதிகளை அங்கே அப்போதுதான் கடுமையாக்கினார்கள். நெய்வேலிப் பக்கத்தில் பயம், பூமி ஆடுவதல்ல; பூமியே கைவிட்டுப் போவது! 1957 மே 20-ல் நேரு துவக்கி வைத்த சுரங்க வேலை, அன்று முதல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பச்சைப் பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கியதைக் கண்டு பலர் கலங்கினார்கள். அந்த நிலங்களோ பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை. ஆகவே ஒருவர் உழுகிறார், குடியிருக்கிறார் என்பதை மட்டும் வைத்து எதையும் நம்பக் கூடாது. வில்லங்கச் சான்றை நீட்டுவார்கள். அதில் பதிவான பத்திர விவகாரங்கள்தான் இருக்கும். சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும், நிலம் எடுப்புத் தாசில்தார் அலுவலகத்திலும் நேரில் கேட்டுவிடுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். சுரங்கத்தில் வெள்ளம் புகாமலிருக்க, நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றை இரவு பகலாக இறைக்கிறார்கள். சித்திரை மாதத்தில் தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மாளைக் கேளுங்கள். விற்கிறவர் வாக்கைவிட அந்த அம்மாள் வாக்கு மேல்!

அவரிடமே இன்னொன்றும் விசாரியுங்கள்: "இந்த வீட்டுப் பெண்களை எந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்?" வம்பளப்பு அல்ல இது. தகப்பனாரின் சுய சம்பாத்தியத்தில் இந்துப் பெண்களுக்கு 1956-லேயே பங்கு வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில், மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாடு 1989-லும், எல்லாப் பெண்களுக்கும் இந்திய அரசு 2005-லும் உரிமை தந்தன. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டால், என்றோ ஒரு நாள் சகோதரி கோர்ட்டுப் படியேறுவாள். அவள் பக்கம் நியாயம் இருக்கும். பணம் போட்டவர் நீங்கள்! தாய்ப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். பெண்களும் வந்து கையெழுத்திடட்டும். "சீர் செய்து அனுப்பியாயிற்று" என்ற பேச்சு பத்திர ஆபீசில் செல்லாது.

இத்தனையும் தேறி, வீட்டின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் ஒரு சலுகை உண்டு. பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இப்படி. வீடு பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸிலேயே இதை அவர் காதில் போட்டு வையுங்கள்.