தெள்ளுப்பூச்சியின் பெயர்

நாயின் மயிரிடையே துள்ளிக் கடிக்கும் தெள்ளுப்பூச்சிக்குப் பால்டிக் கடற்கரையிலுள்ள லாத்வியாவில் 'ப்லுஸா' என்று பெயர். அண்டை நாடாகிய லித்துவேனியாவிலும் அச்சொல்லே வழங்குகிறது. வேதகால வடமொழியிலோ, தீங்கிழைக்கும் சிறு பூச்சியொன்றின் பெயர் 'ப்லுஷி'. இவ்வளவு தொலைவில் இந்த ஒற்றுமை எங்ஙனம் வந்தது?

இரவல் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். மிளகைக் குறிக்கும் லாத்வியச் சொல்லாகிய 'பிபரி' அவ்வாறு வந்ததுதான். வடமொழிப் 'பிப்பலி' கிரேக்கம் முதலிய மொழிகளின் வழியே, சரக்கோடு சரக்காய்ச் சென்றது. தெள்ளுப்பூச்சியை விலை கொடுத்து வாங்குவார் யார்? அது எந்நாளும் வீட்டிலேயே இருந்தது. அதன் பெயரும் அப்படியே. ஒரு சொல்லைக்கொண்டு முடிவுகட்டலாகாது. எண்ணுப்பெயர்களும் உறவுப்பெயர்களும் துணைநிற்கவே, இம்மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அறிஞர் துணிந்தனர். கிரேக்கத்திலோ ஒலிகள் இடம் மாறி 'ப்ஸுல்லா' என நிற்கின்றன. பூச்சியைப் போலவே சொல்லும் துள்ளிவிட்டது போலும்!